கல்லின் ஓரத்தில் இரண்டு விரல்கள்

ஐந்தே முக்காலுக்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினேன். ஒரு டம்ளர் டீ. முந்தின நாள் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அதையே போட்டுக்கொண்டேன். ஆனையூரில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி ஒன்பது மணிக்கு வரும். வாளியைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். ஒரு ஆளின் குப்பைக்கு அந்த வாளி பெரிது. மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கும் கிடையாது.

எட்டு மணிக்கு வெள்ளைத்துரை போன் செய்தான். சிம்மக்கல்லில் பிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். அதன் பின்னறையில் உட்கார்ந்து ராணுவச் செய்திகளுக்கென்று ஒரு யூடியூப் சேனலும் நடத்துகிறான். எழுதிக் கொடுப்பது நான். பேசுவது அவன். ஒரு வருடமாக நான் எதுவும் எழுதவில்லை.

“மாப்ள, ரெண்டு வேல. சத்யா பிளக்ஸு ரெடியாயிருச்சு. ஒங்க அத்த பதினோரு மணிக்கு வாராங்களாம். நீயும் வந்து பாத்துரு.” கொஞ்சம் தயங்கினான். “இன்னொண்ணு, அந்த ரைஃபிள் பேச்சு திரும்பக் கெளம்பிருச்சுடா. இந்தத் தடவ போட்டோவோட. வெளிநாட்டுக்காரன் பூரா அதத்தான் பேசிட்டுத் திரியுறான். நெசமா பொய்யான்னு மட்டும் பாத்துச் சொல்லு. முடிஞ்சாப் போதும்.”

“பாக்குறேன்” என்றேன்.

சத்யப்ரியா என் மனைவி. வரும் புதன்கிழமையோடு அவள் இறந்து ஒரு வருடம். ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். காலையில் ஸ்கூட்டியில் போனவள் கோரிப்பாளையம் சிக்னலுக்கு முன்னால் மணலில் சறுக்கி விழுந்தாள். பின்னால் லாரி. நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ வேட்டி போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் கேட்டாள் என்றார் பழக்கடைக்காரர். என் பெயரைச் சொன்னாள் என்றார் ஆட்டோக்காரர். எதுவும் பேசியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அவள் அம்மா, என் அத்தை பாண்டீஸ்வரி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “வீட்ட விட்டுக் கெளம்பையில கடைசியா என்ன மாப்ள சொன்னா?”

எனக்கு நினைவில்லை. காலையில் நான் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் இருந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

“அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா” என்றேன்.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சொல் கருமாதிக்குள் அத்தையின் ஊரான செக்கானூரணி முழுக்கப் பரவிவிட்டது. புள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று பேசினார்கள். அத்தையும் அதை நம்பினாள். அதன் பிறகு ஒவ்வொரு போனிலும் அதே கேள்விதான். “தெரிஞ்சே போயிருக்கா மாப்ள. எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல? நான் என்ன கொற வச்சேன்?” இரண்டு கோடாங்கிகளிடம் போய்க் குறி கேட்டிருக்கிறாள். நெஞ்சு வலி என்று மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது அந்தச் சொல்லை நினைவஞ்சலி பிளக்ஸில் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறாள்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ரைஃபிள் கதை எளியது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி இருக்கிறது. கைத்துப்பாக்கிக்குப் பேர்போனது. ராணுவத்துக்கென்று அவர்கள் ரகசியமாக ஒரு ரைஃபிள் செய்து முடித்துவிட்டார்கள், இன்னும் வெளியிடவில்லை என்பது வதந்தி. போன வருடம் அது வெறும் பேச்சு. அப்போதே வெள்ளைத்துரைக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். பார்த்தவர் யாரும் இல்லை, எல்லாரும் பார்த்தவரைத் தெரிந்தவர்கள், நம்ப வேண்டாம் என்று முடித்திருந்தேன். சத்யா இறந்த அன்று காலையில் நான் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான்.

இந்தப் படம் இப்போது நூறு இடங்களில் இருந்தது. கறுப்பு வெள்ளை. கலங்கலாக இருந்தது. கல் மேசைமேல் ஒரு ரைஃபிள். பக்கத்தில் வட்டமாக ஒரு இரும்புப் பொருள். அதைத் தொட்டபடி ஒரு கையின் இரண்டு விரல்கள். வட்டமானது குண்டுகள் நிரப்பும் டிரம் என்றான் ஒருவன். கல்லின் மூலை உடைந்திருப்பது சுட்டுப் பார்த்ததன் அடையாளம் என்றான் இன்னொருவன். மூன்றாமவன் கோடு போட்டு அளந்திருந்தான். சராசரி ராணுவ வீரனின் விரல் அகலம் இவ்வளவு, ஆகவே குழல் நீளம் இவ்வளவு. அதன் கீழே நானூறு பேர் பாராட்டியிருந்தார்கள்.

நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். யார் முதலில் போட்டது என்று பின்னோக்கிப் போனேன். ஒவ்வொருவனும் முந்தியவனைக் கைகாட்டினான். எல்லாவற்றுக்கும் பழையது போன வருடத்துத் தேதியில் இருந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தத் தேதியை எனக்கு இறப்புச் சான்றிதழில் பார்த்துப் பழக்கம்.

படத்தைப் பெரிதாக்கினேன். உடைந்த மூலையைப் பார்த்தேன். எங்கள் அடுப்படிக் கடப்பாக் கல்லில் கேஸ் சிலிண்டர் இடித்து ஒரு மூலை உடைந்திருக்கிறது. படத்தில் அது இடப்பக்கம். வீட்டில் வலப்பக்கம். படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். பொருந்தியது. பிறகு டிரம்மைப் பார்த்தேன். எங்கள் மாவுச் சட்டி மூடியின் விளிம்பில் இருக்கும் அதே நெளிவு. அதன் பிறகு விரல்கள். ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே அரிசி அளவில் ஒரு வெளுத்த தழும்பு. தோசைக்கல் சுட்டது.

வெளியே குப்பை வண்டிப் பாட்டு கேட்டது, நின்றது. என் மனைவியின் விரலை அளவுகோலாக வைத்து உலகம் துப்பாக்கியை அளந்துகொண்டிருந்தது.

வெள்ளைத்துரையைக் கூப்பிட்டேன்.

“போன வருஷம் அந்த வீடியோவுக்கு முகப்புப் படம் எதுல செஞ்ச?”

“எந்த வீடியோ? ஏய், அது நீ எழுதுனதுதான. பின்னாடி வைக்கக் கறுப்புக் கல்லு ஒண்ணு போட்டோ எடுத்து அனுப்புன்னு கேட்டேன். நீ அனுப்புன. அத இடம் வலமாத் திருப்பிப் போட்டு, கம்பெனியோட கைத்துப்பாக்கி படத்தையே நீட்டி இழுத்து ரைஃபிளாக்கி அதும் மேல ஒட்டுனேன். மத்தியானம் சேதி வந்ததும் வீடியோவ எடுத்துட்டேன்டா. நாலு மணி நேரங்கூட இல்ல.”

“நாலு மணி நேரம் போதும்.”

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அப்ப ஊரு ஒலகமெல்லாம் சுத்துறது நம்ம சரக்கா மாப்ள?” சிரித்துவிட்டான். “ஒரு நாளைக்கு இருபது கல்யாண பிளக்ஸு அடிக்கிறவன்டா, எனக்கே அடையாளந் தெரியல.” பிறகு, “அதுல ஒரு வெரலு இருந்துச்சே” என்றான். போனை வைத்துவிட்டேன்.

என் கட்டுரை நம்பாதே என்றது. படம் நம்பு என்றது. படம் மட்டும் ஊர் சுற்றியிருக்கிறது.

பழைய போனைச் சார்ஜில் போட்டுத் தேடினேன். வெட்டாத படம் அதில் இருந்தது. காலை எட்டு நாற்பத்திரண்டு. கல். மாவுச் சட்டி. கல் மறைக்கிறது என்று நான் சொன்னதால் அதை ஓரமாகத் தள்ளும் அவள் கை. ஹெல்மெட்டின் வார் ஒன்று. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன நாலாம் நாள் பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அக்கா, “தம்பி, மாவு பொங்கிக் கல்லு பூரா வழிஞ்சு காஞ்சு கெடந்துச்சு, கழுவி வச்சிட்டேன்” என்று சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதும் தலையாட்டினேன்.

அப்புறம் மற்றதும் வந்தது. அவள் குரலோடு வந்தது.

சிம்மக்கல்லுக்குப் போனபோது அத்தை கடைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் சத்யா கல்யாணப் புடவையில் இருந்தாள். கீழே மஞ்சள் எழுத்தில் நான் சொன்ன பொய்.

“எழுத்து இன்னும் பெருசா இருக்கணும் மாப்ள. கண்ணு தெரியாதவுகளும் படிக்கணும்.”

“அத்த, அத எடுத்துருவோம்.”

“ஏன்?”

“அவ அப்பிடிச் சொல்லல. நாந்தான் சொன்னேன்.”

வெள்ளைத்துரை எழுந்து போய் மெஷினை நிறுத்தினான். அத்தை என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“அப்ப அவளுக்கு ஒண்ணும் தெரியாதா?”

“தெரியாது. சாயங்காலம் வந்து தோசை சுடலாம்னு கெளம்புனா.”

போனில் படத்தைக் காட்டினேன். அத்தை புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். விரல்களைத் தொட்டாள். தொட்டதும் படம் நகர்ந்து வெறும் கல் தெரிந்தது. பதறிப்போய் என்னிடம் நீட்டினாள். திரும்ப எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை தொடாமல் பார்த்தாள்.

“என்னதான் சொன்னா?”

ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையால் சட்டியைத் தள்ளிக்கொண்டு, அவசரத்தில், என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். சொன்னது முழுவதையும் அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

“மாவு வெளிய இருக்கு, புளிச்சுரும். போட்டோ எடுத்ததும் ஃப்ரிஜ்ஜுல தூக்கி வைங்க. என்ன, கேட்டுச்சா? சும்மா மண்டைய மண்டைய ஆட்டாதீங்க.”