சாம்பல் நிற மழைக்கோட்டு

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் பழவேற்காட்டு ஏரி தன் எல்லையை மறந்துவிடும். வானம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலாதபடி இரண்டும் ஒரே ஈய நிறமாய் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கும். வாடைக்கு முதுகு காட்டி நாரைகள் ஒற்றைக்காலில் தவமிருக்கும். கரையோரத் தாழைகள் பொழுதெல்லாம் முனகிக்கொண்டிருக்கும். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிமையாக்கிய முன்னோர் இந்தக் கரையில் ஒரு கூதிர்காலத்தையேனும் கழித்திருக்க வேண்டும். படகுகள் கரையேறிக் கிடக்க, வலைகள் கொட்டகையில் சுருண்டு கிடக்க, கோட்டைக்குப்பம் முழுவதும் கங்கையம்மன் சந்நிதியின் ஒற்றை விளக்கை நோக்கி மனம் குவித்திருக்கும்.

அப்படியொரு மழைக்காலத்தில், வெயில் சற்றே எட்டிப்பார்த்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முத்துராஜின் மகள் அர்ச்சனா கொல்லைத் துவைகல்லின்முன் குந்தியிருந்தாள். கல்லின்மேல் அவளுடைய சாம்பல் நிற மழைக்கோட்டு. அதன்மீது சலவைப் பொடி, பிளீச்சிங் பவுடர், பிழிந்த எலுமிச்சைத் தோல். தரை கழுவும் முரட்டுப் பிரஷ்ஷால் அவள் தேய்த்த தேய்ப்பில் கோட்டுக்குப் பேச வாயிருந்தால் அழுதிருக்கும்.

"இன்னாம்மா, அதுங்கூட சண்டையா போட்டுனு கீற?" என்றபடி முத்துராஜ் வந்தார்.

"நாத்தம் போவல நைனா."

அவர் கோட்டின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "மக்கின வாடதான். ஈரத்தோட மடிச்சி வெச்சா அப்பிடித்தான் வரும். நைலான் வலைய நாம பிரஷ்ஷு போட்டா தேய்க்கிறோம்? வெயில்லயா காய வெக்கிறோம்? உள்ள பூசினதெல்லாம் உரிஞ்சிடும், வுடு."

"இது ஒண்ணும் வலை இல்ல! மொதல்ல கைய எடுங்க நைனா. உங்க கை பட்டுப் பட்டுதான் எல்லாத்துலயும் கவுச்சி ஏறுது!"

முத்துராஜ் கையை எடுத்துக்கொண்டார். உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அதை லுங்கியில் துடைத்துக்கொண்டு, கொட்டகைப் பக்கம் நடந்தார். அர்ச்சனா நிமிரவில்லை. கோட்டை வெயிலில் விரித்தாள். காய்ந்ததும் சூடான இஸ்திரிப் பெட்டியையும் அதன்மேல் ஓட்டினாள்.

அவள் பிறவியிலேயே கொடியவள் அல்லள். திருவொற்றியூரில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து ரயில், திருவொற்றியூர் நிலையத்து ஸ்டாண்டிலிருந்து சைக்கிள் என்று அன்றாடம் மூன்று வாகனம் மாறுவாள். ஏரிக்கரைச் சிற்றூரிலிருந்து நகரத்து நாற்காலி வரை வந்தது எளிய பயணமன்று. ஆனால் அந்த நாற்காலிக்கு எதிரே தெய்வநாயகி என்ற மேற்பார்வையாளர் அமர்ந்திருந்தார்.

"வந்துட்டுதாம்மா கடலு?" என்பது அவருடைய காலை வணக்கம். அர்ச்சனா கோட்டை ஆணியில் மாட்டினால், அடுத்த ஆணியிலிருந்து தம் கோட்டை எடுத்து வேறிடத்தில் மாட்டுவார். "கோவிச்சுக்காதம்மா. என் மூக்கு அப்படி. பழவேற்காடுன்னாலே அதுக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அர்ச்சனாவும் உடன் சிரித்தாள். அவமானத்தின் மிகக் கசந்த வடிவம் அது: தன்னை ஏளனம் செய்வாரோடு தானும் சேர்ந்து நகைப்பது.

அதன்பின் அவள் கோட்டை மாட்டவேயில்லை. நனைந்த கோட்டைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் திணித்து, நாள் முழுதும் மேசைக்கடியில் ஒளித்து வைத்தாள். காற்றுப்படாத ஈரம் பூஞ்சையாயிற்று, பூஞ்சை வாடையாயிற்று. அந்த வாடையைத் தன் ஊரின் வாடை என்று அவளே நம்பிவிட்டாள்.

கோட்டு வாங்கிய கதையும் இதற்குக் குறைந்ததன்று. பொன்னேரிக் கடைக்கு அவளோடு வந்தவள் ருமானா. பழவேற்காட்டுக்காரி, பள்ளித் தோழி, அன்றாட ரயில் துணை. சைக்கிளுக்கு என்றதும் கடைக்காரர் ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்றை விரித்தார்.

"இத எடும்மா. முதுகாண்ட நீளம், குனிஞ்சி மிதிச்சாலும் இடுப்பு நனையாது. அக்குளாண்ட காத்துக்கு வழி இருக்குது, உள்ள வேத்து ஊத்தாது. லைட்டு பட்டா இந்த வெள்ளிப் பட்டை மின்னும். லாரிக்காரன் தூரத்துலயே பாத்துடுவான்."

"எடுத்துக்கடி அர்ச்சு," என்றாள் ருமானா. "உங்க நைனா கடல்ல போட்டுனு போற அதே கலரு. நாலு மைல்லருந்து, கண்ணு சரியா தெரியாத எங்க சித்தி கூட அவர கண்டுபுடிக்கும்."

"அதுக்குத்தான்டி வேணாங்கிறேன்."

அவள் கண் சாம்பல் நிறத்துக் கோட்டு ஒன்றின்மேல் நின்றது. சாதாரணச் சட்டைபோலவே தோற்றம். தெய்வநாயகி அணிவதும் அதே நிறம், அதே வெட்டு. அதையே எடுத்தாள்.

"காசு குடுத்து காணாம போறவ நீ ஒருத்திதான்டி," என்று ருமானா தலையிலடித்துக்கொண்டாள்.

அவள் விளையாட்டாய்ச் சொன்னது புதன்கிழமை காலையில் ஏறக்குறைய மெய்யாயிற்று.

அன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் மழை திரைச்சீலையாய்த் தொங்கியது. பெட்டக லாரிகள் விளக்கெரித்தபடி ஊர்ந்தன. ஞாயிறன்று பட்ட பாட்டில் அர்ச்சனாவின் கோட்டுக்குள் பூச்சு மீன்செதிலாய் உரிந்துகொண்டிருந்தது. தோள் வழியே இறங்கிய நீர் முதுகைக் குளிர்வித்தது. விரல்கள் விறைத்து பிரேக்கைப் பற்ற மறுத்தன. சாம்பல் சாலை, சாம்பல் மழை, சாம்பல் கோட்டு. இடப்பக்கம் ஒடித்த ஒரு லாரியின் முன்விளிம்பு அவள் சைக்கிளின் கைப்பிடியை உரசியது. அடுத்த கணம் அவள் சாலையோரப் பள்ளத்து நீரில் கிடந்தாள். அவள் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது.

ஓட்டுநர் குதித்திறங்கி ஓடிவந்தார். "சத்தியமா உன்னப் பாக்கலம்மா! ரோடும் நீயும் ஒரே நிறமா இருக்கீங்களே! எம் பொண்ணு வயசும்மா உனக்கு..." ஆஸ்பத்திரிக்கு வா என்று அவர் வற்புறுத்தியதை மறுத்துவிட்டு, கிழிந்த கோட்டைக் கழற்றி சைக்கிள் கேரியரில் கட்டி, மீதித் தூரத்தை அவள் உருட்டிக்கொண்டே நடந்தாள்.

அவள் சொட்டச் சொட்ட அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, தெய்வநாயகி அவள் நாற்காலிக்குப் பின்னிருந்த ஜன்னலோரம் நின்றிருந்தார். ஜன்னல் கட்டையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு கசங்கிக் கிடந்தது. மக்கிய வாடை அறையெங்கும் பரவியிருந்தது.

"இங்க பாரும்மா, எத்தன தடவ சொல்றது? குடலப் புரட்டுது! மனுஷங்க உக்கார்ற இடமா இல்ல மீன் மார்க்கெட்டா?" என்றவர், இரு விரல்களால் கோட்டைத் தூக்கிச் சென்று வாசல் மழையில் வீசினார்.

கோட்டு விழுந்த வேகத்தில் அதன் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் தெறித்துத் திறந்தது. தேங்கிய நீரில் செக்கச்செவேலெனக் குங்குமம் விரிந்தது.

தெய்வநாயகி செவ்வாய்தோறும் வடிவுடையம்மனைத் தரிசித்து வருபவர். முந்தைய நாள் மாலை கோயிலிலிருந்து நனைந்தபடி அலுவலகத்துக்குத் திரும்பி, கோட்டை அங்கே எறிந்துவிட்டு, மழை விட்டதும் மறந்து வீடு போனவரும் அவரே.

"ஐயோ, என் குங்குமம்!" என்ற சொல் அவர் வாயிலிருந்து தானே புறப்பட்டது. புறப்பட்ட பிறகுதான் அதன் பொருள் அவருக்கே விளங்கியது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"என் கோட்டு சைக்கிள்ல இருக்குது மேடம்," என்றாள் அர்ச்சனா தாழ்ந்த குரலில். "லாரி இடிச்சிது. கிழிஞ்சி போச்சு."

அப்போதுதான் அவள் முழங்கையில் வழியும் குருதியைத் தெய்வநாயகி கண்டார். அவளை உட்கார வைத்து, காயத்தைத் தாமே துடைத்து மருந்திட்டார். கட்டும் போட்டு முடித்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"என் மூக்கு மோந்து பாத்து ஒரு நாளும் பேசலம்மா. மொதல்ல ஊர் பேரக் கேட்டுது. அப்புறந்தான் நாத்தம்னு சொல்லிச்சு. நாறினது என் மனசு. மன்னிச்சிடும்மா."

அர்ச்சனா தலையசைத்தாள். ஆயினும் அவள் நெஞ்சு ஆறவில்லை. ஓராண்டாய்த் தன்னைக் குத்திய சொல்லை மன்னிக்க அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. தான் தகப்பனைக் குத்திய சொல்லோ, லுங்கியில் துடைத்துக்கொண்ட ஓர் உள்ளங்கையாய் அவள் கண்முன் நின்றது.

மாலையில் பொன்னேரிக் கடையில் ஆரஞ்சு நிறக் கோட்டை எடுத்தாள்.

"இப்போ நாலு மைல்லருந்து தெரிவேடி," என்றாள் ருமானா.

"தெரியட்டும்."

கோட்டைக்குப்பத்தில் தூறல் ஓய்ந்திருந்தது. கொட்டகையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முத்துராஜ், முழங்கைக் கட்டைக் கண்டு பதறியெழுந்தார். ஆனால் மகளைத் தொட நீண்ட கை பாதியில் தயங்கி நின்றது. அந்தத் தயக்கத்தைக் கண்டதும் அர்ச்சனா உடைந்துபோனாள். அவர் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு நடந்ததனைத்தையும் சொன்னாள்.

"அந்தம்மா மூக்கு மட்டுமா நைனா ஊர் பேரு கேட்டுது? என் மூக்குந்தான். அடுத்தவங்க நம்மள கேவலமா நெனைக்கிறது ஒரு நோவு. அத நாமளே நம்பிக்கினு, பெத்தவங்களயே தள்ளி வெக்கிறது அதவிடப் பெரிய நோவு. இந்தக் கைதான் என்ன படிக்க வெச்சிது. இத மறைக்கப் போயி நானே மறைஞ்சி போவப் பாத்தேன்."

முத்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வுடும்மா. உசுரோட வந்தியே, அது போதும்."

வழியில் தூறல் பட்டிருந்த புதுக் கோட்டை அவள் நல்ல தண்ணீரில் அலசினாள், முறுக்கிப் பிழியவில்லை. கொட்டகை நிழலில், தகப்பனின் பழைய ஆரஞ்சுக் கோட்டுக்கு அடுத்த கொம்பில் காற்றாட மாட்டினாள். சிறு வயது முதல் வலைக்குச் செய்து பழகியதுதான். அவள் கைக்கு அது மறந்திருக்கவில்லை.

புது வலை நீரைத் தொடுமுன் அம்மன் காலடியைத் தொட வேண்டும் என்பது குப்பத்து வழக்கம். விளக்கேற்றும் வேளையில் முத்துராஜ் அந்தக் கோட்டை மடித்து, புது வலையை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்தி, கங்கையம்மன் சந்நிதிக்கு நடந்தார். மகள் பின்தொடர்ந்தாள். படியில் அதைக் கிடத்தி, கண்மூடி நின்று, கட்டைவிரலால் அதன் உள்விளிம்பில் குங்குமம் வைத்தார். பிறகு அதே விரலை, அதே கையை, மகளின் நெற்றியில் பதித்தார்.

"தாயே, கடல்ல போறவனயும் ரோட்டுல போறவளயும் ஒரே கண்ணால பாத்துக்க. போய்ட்டு வாம்மா. மழையும் காத்தும் உனக்கு வழி வுடட்டும். நல்லாரு."