மஞ்சள் முகத்துக்கு ஒரு மானிட்டர்

ஆவூர் ஆரோக்கியமுத்துவின் குடும்பத்தில் யாருக்கும் மஞ்சள் காமாலை வந்ததில்லை. தகப்பனாருக்கு வந்ததில்லை, பாட்டனாருக்கும் வந்ததில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, முப்பத்து நாலு வருஷம் அரசாங்க சர்வேயராக இருந்து, ஒரு நாள் கூட மருத்துவ விடுப்பு எடுக்காதவருக்கு அறுபத்தெட்டாவது வயதில் ஒரு பிளெக்ஸ் பேனரால் காமாலை வந்துவிட்டது.

தங்கை ஞானமணியின் மகள் பிளெஸ்ஸிக்கு விராலிமலை மண்டபத்தில் நிச்சயதார்த்தம். வாசலில் பத்தடி உயரப் பேனர். தாய்மாமன் என்ற முறையில் அதில் ஆரோக்கியமுத்து கைகூப்பியபடி முழு உயரத்துக்கு நின்றார். வேட்டி பால் வெள்ளை. முகம் பழுத்த எலுமிச்சை.

மாப்பிள்ளையின் தகப்பனார் சூசைமாணிக்கம் பேனரைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். நேரே வந்து, கேட்காமல் கொள்ளாமல், ஆரோக்கியமுத்துவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி."

"ஒங்க நிறத்துக்கு நேர்ல தெரியாதுங்க. கேமரா கண்டுபிடிச்சிரும்."

பந்தியில் எல்லோருக்கும் ஆட்டுக்கறி பிரியாணி. இவர் இலையில் மட்டும் உப்பில்லாத மோர்ச்சோறு. மறுநாள் சம்பந்தி வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு கட்டு கீழாநெல்லி வந்தது. அதைப் பார்த்து மற்ற உறவுக்காரர்களும் அனுப்ப ஆரம்பித்தார்கள். வாரக் கடைசியில் வீட்டில் ஏழு கட்டு சேர்ந்துவிட்டது. மனைவி ஜெபமாலையம்மாள் அவருக்கு ஒரு டம்ளர் அரைத்துக் கொடுத்துவிட்டு, மீதியை ஆடுகளுக்குப் போட்டாள். ஆடுகள் தெளிச்சியாகத்தான் இருந்தன.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பார். சூசைமாணிக்கம் போன் செய்தார்: "கல்யாணத்தன்னைக்கு நீங்க வெயில்ல நடக்க வேணாங்க. சீர்த்தட்டை வேற யாராச்சும் முன்னால கொண்டு வரட்டும். நீங்க மின்விசிறிக்குக் கீழ உக்காந்துக்கங்க."

தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது அவன் சீரை வேறொருவன் சுமப்பதா? ஆரோக்கியமுத்து போனை வைத்துவிட்டு, முதுகை இன்னும் ஒரு அங்குலம் நிமிர்த்திக்கொண்டு, தம்பி வீட்டுக்கு நடந்தார்.

பேனரைச் செய்தவள் தம்பி மகள் ஷர்லி. கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் எல்லாம் வீட்டிலேயே செய்பவள்.

"மானிட்டர் சரியில்லை பெரியப்பா. மூடிப்போன பிரௌசிங் சென்டர்ல பழசா எடுத்தது. எல்லாத்தையும் நீலமாக் காட்டும். அதுல நீங்க நல்லாத்தான் இருந்தீங்க."

"அப்ப புதுசு வாங்கு."

"பன்னெண்டாயிரம்தான் வச்சிருக்கேன். அதுக்குள்ள நிறம் சரியாக் காட்டுறதா பாத்து எடுக்கணும்."

"எடுப்போம். நானும் வாரேன்."

புதுக்கோட்டை கீழராஜ வீதிக் கடைக்கு அவர் பேனரில் இருந்த அதே வேட்டி சட்டையோடு வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அசல் கூடவே இருக்க வேண்டுமல்லவா? சட்டைப்பையில் அளவு டேப்பும் இருந்தது.

கடைக்காரர் மதுரைவீரன் ஒரு பெட்டியைத் திறந்தார். "இருபத்து நாலு இஞ்ச், சார்."

ஆரோக்கியமுத்து டேப்பை நீட்டி இடமிருந்து வலமாக அளந்தார். "இருபதே முக்கால். மூணேகால் இஞ்ச் எங்க?"

"மூலைக்கு மூலை சாய்வா அளக்கணும் சார். உலகம் பூரா அப்படித்தான்."

"நான் அப்படி அளந்திருந்தா இந்த ஜில்லாவே கோர்ட்டுல நின்னுருக்கும்."

"பெரியப்பா, அளவை விடுங்க. நிறத்தைப் பாருங்க," என்று ஷர்லி கெஞ்சினாள். "நான் திருத்தாத போட்டோ பென்டிரைவ்ல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் போட்டுப் பாப்போம். நீங்க பக்கத்துல நில்லுங்க."

முதலாவது, விலை மலிவானது. நேரே பார்த்தால் முகம் தேவலாம். ஆரோக்கியமுத்து பக்கவாட்டில் நகர்ந்ததும் படத்தில் கண் வெளுத்து, பல் கறுத்து, ஆள் பிசாசாக மாறினார். மவுஸ் வாங்க வந்திருந்த பிச்சையம்மாள் டீச்சர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டாள்.

இரண்டாவது வளைந்த மானிட்டர். விளையாட்டுப் பிள்ளைகள் வாங்குவது. அதில் ஆரோக்கியமுத்து சிவந்த உதடும் ரோஜா நிறக் கன்னமுமாக, மாப்பிள்ளைக்கு அண்ணன் போல் இருந்தார். தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"இதான் நான்," என்றார்.

"இது நீங்க இல்லை பெரியப்பா. இது யாரைப் போட்டாலும் செவப்பாக் காட்டும். இதை நம்பித் திருத்துனா பேனர்ல வேற மாதிரி வந்துரும். வெலையும் இருபதாயிரத்துக்கு மேல."

"சும்மா சொன்னேன்," என்று அவர் நகர்ந்தார். நகர்ந்த பிறகும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது தட்டையாக, மினுமினுப்பே இல்லாமல் இருந்தது. "ஐபிஎஸ் பேனல், சார். எங்கிட்டு நின்னு பாத்தாலும் நிறம் மாறாது. எடிட்டிங் பண்றவங்க இதைத்தான் எடுப்பாங்க. பன்னெண்டாயிரத்துக்குள்ள தாரேன்," என்றார் மதுரைவீரன்.

படம் வந்தது. கறுத்த நெற்றி, படம் எடுத்த அன்று காலை சவரத்தில் விழுந்த கீறல், நரை தெரியும் மீசை. கண்ணாடியில் தினமும் பார்க்கும் அதே ஆள். டீச்சர் படத்தையும் ஆளையும் பார்த்து, "அச்சு அசலா இருக்கீங்க," என்றாள்.

ஆனால் ஆரோக்கியமுத்துவின் பார்வை கீழே இறங்கியது. "இது வேணாம். வேட்டியை நீலமாக் காட்டுது."

மதுரைவீரன் தயங்கினார். பிறகு பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டு வந்து, மிகுந்த மரியாதையோடு, அவர் உடுத்தியிருந்த வேட்டியின் மேல் வைத்தார்.

தாள் வெள்ளையாக இருந்தது. வேட்டி, விடிந்து ஒரு மணி நேரமான வானம் போல இருந்தது.

"சொட்டு நீலம் கொஞ்சம் தூக்கல்," என்றாள் டீச்சர்.

ஷர்லி தலையில் கைவைத்துக்கொண்டாள். "பெரியப்பா! தப்பு அங்கதான். படத்துல எது வெள்ளைன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு எடத்தைத் தொட்டுக் காட்டணும். நான் ஒங்க வேட்டியைக் காட்டினேன். அது இந்த நீலத்தைப் போக்குறேன்னு படம் பூரா மஞ்சளை ஊத்திருச்சு. வேட்டி வெள்ளையாயிருச்சு, நீங்க மஞ்சளாயிட்டீங்க. என்னோட பழைய மானிட்டரே நீலங்கிறதால அந்த மஞ்சள் எனக்குத் தெரியலை."

ஆரோக்கியமுத்து குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். ஏழு கட்டு கீழாநெல்லி, உப்பில்லாத மோர்ச்சோறு, கைநழுவ இருந்த சீர்த்தட்டு. எல்லாம் முப்பத்தெட்டு வருஷமாக ஜெபமாலையம்மாள் அன்போடு முக்கி எடுக்கும் ஒரு வாளியிலிருந்து வந்தவை.

கடையில் இருந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "எங்க வீட்டு வெளுப்பைப் பத்தி இந்தக் கடைக்கு வெளிய ஒரு பேச்சு வரக்கூடாது."

"சத்தியமா வராது சார்," என்றார் மதுரைவீரன். டீச்சரும் தலையாட்டினாள். மூன்றாவது மானிட்டரைக் கட்டச் சொன்னார்கள்.

ஷர்லி புதிதாகப் படம் எடுத்தாள். ஒன்றில் அவர் நெஞ்சில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டார், கம்ப்யூட்டருக்குக் காட்டுவதற்காக. இன்னொன்றில் கைகூப்பினார்.

"முகம் சரியா வந்துருச்சு பெரியப்பா. வேட்டியை மட்டும் தனியா வெள்ளையாக்கிரட்டா?"

அவர் யோசித்தார். "இத்தனை வருஷத்துல ஒரு சென்ட் நிலத்தைக் கூட்டியோ கொறைச்சோ எழுதுனது இல்லை. வேட்டியில ஆரம்பிக்கவா? உள்ளது உள்ளபடி போடு."

கல்யாணத்தன்று பேனர் எழுந்தது. சூசைமாணிக்கம் வந்து நின்று, அண்ணாந்து, முகத்தை உற்றுப் பார்த்தார். அப்படியே ஓடிவந்து ஆரோக்கியமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தெளிஞ்சிருச்சு! நான் குடுத்த கீழாநெல்லி எப்படி வேலை செஞ்சுருக்கு பாத்தீங்களா?"

மறுத்துப் பேச ஆரோக்கியமுத்துவின் வாய் திறந்தது. காமாலையே இல்லையென்றால் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் வாளியில் போய் முடியும். வாயை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க சம்பந்தி. நல்ல மருந்துங்க."

"அப்ப சீரை நீங்களே எடுங்க! ஒங்களை விட்டா யாருங்க?"

மேளம் முன்னே போக, உச்சி வெயிலில், மின்கம்பம் போன்ற முதுகோடு ஆரோக்கியமுத்து முதல் தட்டைச் சுமந்து நடந்தார். பேனரைக் கடக்கும்போது ஜெபமாலையம்மாள் அவர் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, வேட்டி என்ன நீலமாத் தெரியுது? அவ்வளவு வெள்ளையா வெளுத்துக் குடுத்தேன். நீங்க கூடப் போய் எடுத்த மானிட்டர் கோளாறுங்க. திருப்பிக் குடுத்துருங்க."

அளவில் பொய் சொல்லாத மனிதர், நேரே முன்னால் பார்த்தபடி, "ஆமா, மானிட்டர் கோளாறுதான்," என்றார்.

பந்தியில் சூசைமாணிக்கமே வாளியைத் தூக்கி வந்து பிரியாணி வைத்தார். கறி மூன்று துண்டு. முதல் கவளத்திலேயே மசாலா ஒரு சொட்டு வேட்டியில் விழுந்தது. ஆரோக்கியமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எதிர் வரிசையிலிருந்து ஜெபமாலையம்மாள் குரல் கொடுத்தாள்:

"கவலைப்படாமச் சாப்பிடுங்க. நாளைக்கு ரெண்டு சொட்டு நீலம் சேத்துப் போட்டா போயிரும்."