மைத்துனனுக்குக் கொடுத்த கடைவாய்ப் பல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயிலுள்ள பல்லெல்லாம் உதிர்ந்து போகட்டும்.

பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பிடுங்கிய பற்களை அறுத்துக் கொடுப்பது என் வேலை. வேலை வாங்கிக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி, அங்கே பேராசிரியர். அதை ஒருநாளும் அவன் என்னை மறக்கவிட்டதில்லை. பல்லின் வேர்க்குழாயைக் கழுவப் புதுக் கரைசல் ஒன்று கண்டுபிடித்திருந்தான். அறுத்த பல்லின் உட்பக்கத்தில் அதை ஒரு சொட்டு விட வேண்டும். படர்ந்தால் குழாயின் இண்டு இடுக்கெல்லாம் நனைக்கும்; முத்துமாதிரி உருண்டு நின்றால் வாய் கொப்பளிக்கக்கூட லாயக்கில்லை. படர்ந்தால் அவன் துறைத்தலைவர்.

தேர்வுக்குழு வரும் அன்று காலை பார்த்தால், சொத்தையில்லாத பல் ஒன்றுகூட மிச்சமில்லை. அவன் பார்வை என் வாய்க்கு வந்தது. "அக்காவுக்காக அத்தான்" என்றான். போனில் அக்காவும் அதையே சொன்னாள். அரைமணி நேரத்தில் கடைவாய்ப் பல் ஒன்று அவன் கையில் இருந்தது, என் வாயில் பஞ்சு இருந்தது.

அறுத்து, தேய்த்து, இடுக்கியால் எடுத்து வைத்தேன். விரல் பட்டால் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கரைசலும் படராது. முன்பொருமுறை இதைச் சொன்னதற்கு மாணவர்கள் முன்னால் கேட்டான்:

"பல்ல அறுக்கறதோட உங்க வேலை முடிஞ்சுது அத்தான். எனக்கே பாடமா?"

அன்று குழுவைக் கண்ட பரபரப்பில், மூக்கைத் துடைத்த கட்டைவிரலால் பல்லைத் தடவிக் காட்டினான். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சொட்டு விழுந்தது. உருண்டது. மேசையில் மூன்று முறை துள்ளி, குழுத்தலைவரின் தேநீர்க் கோப்பையில் 'டிங்' என்று போய் விழுந்தது. அவர் கரண்டியால் எடுத்து, துடைத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று.

"நல்ல மனுஷன் பல்லா இருந்தா படர்ந்திருக்கும்" என்றான் மைத்துனன், என் மனைவியிடம். அவளும் நம்பிவிட்டாள். பதினோரு வருஷமாகத் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்தக் கட்டைவிரலைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மட்டும்? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

நேற்று ஈறு வலிக்கிறதென்று வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். எண்ணிப் பார்த்துச் சீட்டில் எழுதினார்: முப்பத்திரண்டு பல்லும் இருக்கின்றன.