மேற்படி

எனக்கு மூக்குமேல் கோபம் என்று சொந்தக்காரர்களிடம் பரப்பியவள் என் நாத்தனார். அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவளை அன்று காலை கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கணவரைத் துணைக்கு வைத்துவிட்டு, நான் வேலைக்கு வந்திருந்தேன்.

ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. பழைய சாஃப்ட்வேரைத் தலைமுழுகிவிட்டு, அதிலிருந்த ரத்த தானம் செய்தவர்களின் பட்டியலை எக்செலுக்குக் கொண்டுவந்திருந்தோம். ரத்த வகை என்ற பத்தியில் எங்கு பார்த்தாலும் காலிக் கட்டங்கள்.

"காலியா இருக்கற வரியெல்லாம் தூக்கிடும்மா. வகை தெரியாத ஆளை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் மேனேஜர்.

சரிதான் என்று அத்தனை வரிகளையும் தேர்ந்தெடுத்து அழிக்கப்போனேன். அப்போது கணவர் போன் செய்தார்.

"ரத்தம் ரொம்பப் போகுதாம். சாயங்காலத்துக்குள்ள ஓ நெகட்டிவ் வேணும், வேற எதுவும் ஏத்த முடியாதுங்கறாங்க. இங்க ஸ்டாக் இல்ல. உங்க லிஸ்ட்ல பாரேன்."

எங்கள் வங்கியிலும் அந்த வகை தீர்ந்திருந்தது. அழிப்பதை விட்டுவிட்டு ஓ நெகட்டிவை மட்டும் வடிகட்டினேன். ஒரே ஒருவர். அவர் எண்ணில் போனை எடுத்த பெண்மணி, அவர் வெளிநாடு போய் வெகுகாலம் ஆகிறது என்றார்.

எரிச்சலில் மற்ற வகைகளையும் தட்டிப் பார்த்தேன். ஏ பாசிட்டிவ் ஒருவர். பி பாசிட்டிவ் ஒருவர். அடப்பாவி, தெருவில் கல்லெறிந்தால் பி பாசிட்டிவ்மேல்தானே விழும்! வகைக்கு ஒருவராக ஊரில் மொத்தமே எட்டுப் பேர்தான் ரத்தம் கொடுத்தார்களா?

வடிகட்டலை எடுத்துவிட்டுப் பட்டியலை ஒழுங்காகப் படித்தேன். 'ஓ நெகட்டிவ்' ஒரு முறை. அதன் கீழே காலி, காலி, காலி. பிறகு அடுத்த வகை ஒரு முறை. அந்த சாஃப்ட்வேர் காகிதத்தில் அச்சடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. வகையைத் தலைப்புபோல ஒரு தடவை சொல்லிவிட்டு ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தது. பத்திரத்தில் 'மேற்படி' என்று போடுவார்களே, அந்தச் சொல்லுக்குக்கூட அதற்குச் சோம்பல். நல்லவேளை, பெயர்களை நான் அகரவரிசையில் அடுக்கியிருக்கவில்லை. அடுக்கியிருந்தால் யார் எந்த வகை என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

காலிக் கட்டங்களை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றிலும் அதன் மேல் கட்டத்தில் இருப்பதையே எழுதச் சொன்னேன். சமன் குறி, மேல் அம்பு, கண்ட்ரோலோடு என்டர்.

அம்மாடி! பத்தி முழுக்க ஒரே நொடியில் நிரம்பியது. மறுபடி வடிகட்டினால் திரை கொள்ளாமல் ஓ நெகட்டிவ். இத்தனை பேரும் இங்கேயேதான் இருந்திருக்கிறார்கள், ஒருவர்கீழ் ஒருவராக, வாயைத் திறக்காமல்.

மேனேஜர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவங்களையா தூக்கச் சொன்னேன்?"

"தூக்கியிருந்தா உங்களைத் தூக்கியிருப்பேன் சார். போனை எடுங்க."

இருவரும் மாறி மாறிப் பேசினோம். "உங்க ரத்தம் ஓ நெகட்டிவ்தானே?" என்று கேட்டுக்கொண்டே போனோம். ஆமாம் என்றார்கள், ஒருவர் தவறாமல். மதியத்துக்குள் படியேறி வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், கையில் கிரீஸ் காயாத மெக்கானிக், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத ஒரு பெண். யாரும் யாரையும் முன்னே பின்னே பார்த்ததில்லை. அத்தனை பேரையும் ஒன்றாகப் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

"பேஷன்ட் உங்களுக்கு யாரு?" என்று ஹெல்மெட் பெண் கேட்டாள்.

இதே கேள்விக்கு எப்போதும் 'அவரோட தங்கச்சி' என்றுதான் சொல்வேன்.

"எங்க வீட்டுப் பொண்ணும்மா" என்றேன்.

பரிசோதனை முடிந்து ரத்தம் போனது. ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது. மறுநாள் கண் விழித்ததும் நாத்தனார் கேட்டாள், "யாரோட ரத்தம் அண்ணி?"

"பேர் சொன்னா உனக்குத் தெரியாதுடி. நேத்து காலைல எனக்கே தெரியாது."

கையில் ஊசி ஏற்றிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். "இனிமே உங்ககூடச் சண்டை போட்டா அவங்க ரத்தமும் சேர்ந்துல்ல கொதிக்கும்?"

"வாயைப் பாரு" என்று அதட்டினேன். அதட்டும்போதே அழுகை வந்துவிட்டது.