சதுர்த்தியன்று பத்து எலிகள்

பொய்யாத விநாயகர் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை.

1957இல் கஜா பெராங் வட்டாரத்தில் ஒரு டாக்டர் தம் வீட்டுப் பின்கட்டில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். எலிகளுக்கு ஊசி போட இரண்டே பேர்: நானும் ஏகாம்பரமும். ஏகாம்பரம் உள்ளே நுழைந்தால் எலிகள் வரிசையாக நின்று தத்தம் வாலைத் தூக்கிக் காட்டும். நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் துணிக்கடை வைத்திருந்த தாவூதின் மனைவி பஷீராவுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தது. டாக்டர் கொடுத்த கார்ட்டிசோனில் எழுந்து நடந்தாள். பிறகு இருமல் வந்தது. சளியில் ஒரு பூஞ்சை வளர்ந்தது. கார்ட்டிசோன் உடம்பின் எதிர்ப்பைக் குறைத்துவிடும். அந்த நிலையில் இந்தப் பூஞ்சை ஆளைக் கொல்லுமா, சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்குமா? பத்து எலிகளுக்குக் கார்ட்டிசோன் போட்டு, மறுநாள் பூஞ்சையை ஏற்றிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. எலிகள் செத்தால் பஷீராவுக்கு மருந்தை நிறுத்த வேண்டும்.

கார்ட்டிசோன் போடவேண்டிய நாள் விநாயகர் சதுர்த்தி. நாடு விடுதலை பெறும் மெர்டேகா நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"பிள்ளையார் வாகனத்த இன்னிக்கா குத்துறது? பாவம்லா," என்றார் ஏகாம்பரம். மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு எலிக்கொரு கொழுக்கட்டை வைத்தார். ஏட்டில் 'போட்டாயிற்று' என்று எழுதினார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாமே."

"சொன்னா வேலை போயிரும். வாய மூடு."

மறுநாள் டாக்டர் பூஞ்சையை ஏற்றினார். தாவூத் தினமும் கடை திறக்குமுன் வேலியோரம் வந்து நிற்பார்.

"அண்ணே, எலிங்க எப்படி?"

"உன்னைவிட நல்லா திங்குது, தாவூது."

"அல்ஹம்துலில்லாஹ். எலி பொழச்சா தானும் பொழப்பேன்னு சொல்றா."

மூன்று வாரத்தில் பத்தும் இரட்டிப்பாகப் பெருத்தன. ஒன்று கூண்டுக்குள் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே நடந்து பழகியது. பூஞ்சைக்கு வீரியமில்லை என்று எழுதிய டாக்டர், பஷீராவின் மருந்தைக் கூட்டினார்.

மருந்தைக் கூட்டிய ஒன்பதாம் நாள் அவள் ரத்தம் கக்கி இறந்தாள்.

அடக்கம் முடிந்து தாவூத் வந்தார்.

"எலிங்க?"

"இருக்கு."

"பத்துமா?"

"பத்தும்."

வேலியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இவ மட்டும் ஏன்ணே?"

"சதுர்த்தியன்னிக்கு ஊசி பாத்தது ஏகாம்பரம். அவரைக் கேளு," என்றேன்.

ஏகாம்பரம் சதுர்த்திக்கு நான்கு நாள் முன்பே விடுப்பில் போய்விட்டார். அந்த வாரம் எலிகளோடு இருந்தது நான் ஒருவன்தான்.