திரையின் ஓரத்தில் ஒரு பெயர்

தெருவில் பேருந்து ஓடத் தொடங்கினால் ஒலிப்பதிவு கெட்டுவிடும் என்பதால், விடியும்போதே எங்கள் வேலை தொடங்கிவிடும். சினிமாவில் கேட்கும் காலடிச் சத்தம், அடிச் சத்தமெல்லாம் நாங்கள் உண்டாக்குவதுதான். கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு நடை அக்கா ஈர மணல் தொட்டிக்குள் இறங்குவாள். திரையில் ஓடுவது கதாநாயகன். மூச்சு வாங்குவது அக்காவுக்கு. அவன் எதிரியைக் குத்தும்போது, கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடும் தோழர் நனைந்த துணிமூட்டையைக் குத்துவார். மைக்கைப் பிடிப்பது நான்.

அன்று அக்கா தொட்டியில் கால் வைக்கும்போதே என் மைத்துனன் எனக்குப் போன் செய்தான். "மாமா, உங்க படம் என் போனுக்கே வந்துடுச்சு. அடுத்த மாசம்தானே ரிலீஸ்னு சொன்னீங்க?"

அவன் அனுப்பியதைத் திறந்தேன். எங்கள் படமேதான். திரையின் ஓரத்தில் மங்கலாக அக்காவின் பெயர் ஓடியது. போனை அக்காவிடம் நீட்டினேன்.

படம் திருட்டுப் போனால் ஆளைப் பிடிக்க, யார் பெயரில் கம்ப்யூட்டரைத் திறக்கிறோமோ, அந்தப் பெயர் படத்தில் பதிந்துவிடும். ஆளுக்கொரு கணக்கு வாங்க ஸ்டுடியோ முதலாளிக்கு மனம் வரவில்லை. முதலில் வருகிறவள் அக்கா, அவள் பெயரே போதும் என்றுவிட்டார். கடவுச்சொல்லைக் கதவுக்குப் பின்னால் சாக்குக்கட்டியால் எழுதச் சொன்னதும் அந்த மகாராசன்தான். டப்பிங் அறைக்காரர், வண்ணம் சேர்ப்பவர், முதலாளியின் நண்பர்கள் எல்லாரும் அந்தப் பெயரில்தான் படம் பார்த்தார்கள்.

முதலாளி வியர்த்து விறுவிறுத்து வந்தார். எங்கள் துணிமூட்டையிலிருந்து ஒரு துணியை உருவி, கதவுக்குப் பின்னால் இருந்ததை அழித்தார். பிறகு என்னையும் கண்ணாடியையும் ஓரமாக அழைத்தார்.

"போலீஸ் வருது. கம்ப்யூட்டரைத் திறந்தது அவ மட்டும்தான்னு சொல்லுங்க. அடுத்த படமும் உங்களுக்குத்தான். மாத்திப் பேசினா, எந்த ஸ்டுடியோவுலயும் கால் வைக்க முடியாது."

பயந்தேன். வீட்டு வாடகை கண்முன் வந்து நின்றது. தொட்டியில் நின்றபடி அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேர்ல நானும்தான் திறந்தேன் சார்," என்றார் கண்ணாடி.

"யோசிச்சுப் பேசு."

"நானும் திறந்தேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "போன வாரம் உங்க ஃப்ரெண்ட்ஸுக்குச் சண்டைக் காட்சி போட்டீங்களே, அது யார் பேர்ல சார்?"

அவர் கத்தத் தொடங்கினார். சத்தம் கேட்டு மற்ற அறைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"உங்களுக்கு எதுக்குப்பா வம்பு? வீட்ல என் பொண்ண மட்டும் பாத்துக்கங்க. இது என்னோட போகட்டும்," என்றாள் அக்கா.

"உன்னோட போக இது என்ன ஜலதோஷமா?" என்றார் கண்ணாடி.

அழுகையை அடக்கிக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள்.

போலீஸ் ஜீப் வந்தது. அதிகாரி அக்காவின் பெயரைச் சொல்லி, யார் என்று கேட்டார். டப்பிங் அறைக்காரர் முதலில் முன்னால் வந்தார். பிறகு ஒவ்வொருவராக நாங்கள் எல்லாரும் வந்தோம்.

"அந்தப் பேர்ல வேலை செஞ்சது நாங்க எல்லாரும்தாங்க. விசாரிக்கிறதா இருந்தா எல்லாரையும் விசாரிங்க," என்றார் கண்ணாடி. "முதலாளியையும் சேர்த்து."

அதிகாரி எங்களை எண்ணிப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "இத்தனை பேருக்கு ஜீப்ல எங்கேய்யா இடம்?"

"பரவாயில்லைங்க, நடந்தே வர்றோம்," என்றாள் அக்கா. "நடக்கிறதுதானே எங்க தொழில்."

ஸ்டேஷனில் என்ன ஆகுமோ, நாளைக்கு வேலை இருக்குமோ, தெரியாது. கதாநாயகனின் பூட்ஸைக் கழற்ற மறந்து, மணல் உதிர உதிர அக்கா முன்னால் போனாள். இத்தனை வருடம் தொட்டிக்குள் அவள் தனியாகத்தான் நடந்தாள். இன்று தெரு முழுக்க எங்கள் காலடிச் சத்தம் கேட்டது.