முன்னால் போகிறவனின் வேகம்

மெக்கானிக்குக்குத் தங்கை புருஷனைப் பிடிக்காது. கல்யாணம் ஆன புதிதில் அப்படி ஒன்றுமில்லை. பேக்கிங் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஆள், வாய் அதிகம், போகட்டும் என்று விட்டிருந்தார். அந்த ஆள் சைக்கிளில் ஏறியதிலிருந்துதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

கைவிட்ட கல்குவாரிக்கு மேலே, சரிவில், மண் தடம் ஒன்று வளைவும் மேடுமாக இறங்கும். விடுமுறை நாட்களில் தடித்த டயர் போட்ட மலை சைக்கிள்களோடு ஆட்கள் வந்து குதிப்பார்கள். அடிவாரத் தகரக் கொட்டகைதான் மெக்கானிக்கின் பட்டறை. தடத்து மேடுகளில் பாதி அவர் மண்வெட்டி பிடித்துக் கட்டியவை. கடைசியில் இருப்பது பெரிய பள்ளம். இந்தப் பக்கம் ஏறுமேடு, அந்தப் பக்கம் இறங்குமேடு, நடுவில் ஒரு லாரியை நிறுத்துகிற அளவுக்கு வெறும் குழி. வேகம் குறைந்தால் எதிர்மேட்டின் முகட்டில் போய் மோதவேண்டியதுதான்.

தடத்து முதலாளி பயிற்சி வகுப்பு தொடங்கப்போவதாகப் பேச்சு அடிபட்டபோது, வாத்தியார் வேலை தனக்குத்தான் என்று மெக்கானிக் நிம்மதியாக இருந்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமா அது? முதலாளியின் நினைப்பு வேறாக இருந்தது. மெக்கானிக்கிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு போயிருக்கிறார்கள். கீழே விழுந்தவனைப் பார்த்து, உன் அம்மா உன்னை இன்னும் இடுப்பிலிருந்து இறக்கிவிடலையா என்று கேட்கிற ஆள் அவர். மாப்பிள்ளையோ விழுந்தவன் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்துகொள்வான்.

முதலாளி பட்டறைக்கே வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உங்க மாப்பிள்ளையப் போடலாம்னு இருக்கேன். பெரிய பள்ளத்த ஒரு தடவ தாண்டிக் காட்டட்டும். தாண்டாத ஆள வாத்தியாருன்னா சிரிப்பாங்க."

மெக்கானிக் செயினுக்கு எண்ணெய் விட்டபடியே, தாராளமாகப் போடுங்கள் என்றார். அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். நீதான் அவரை இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்றாள்.

இழுப்பது என்றால் கயிறு கட்டி இல்லை. புதிதாகத் தாண்டுகிறவனுக்கு எவ்வளவு வேகம் போதும் என்று தெரியாது. அதனால் தெரிந்தவன் முன்னால் போவான். பின்னால் வருகிறவன் ஒரு சைக்கிள் நீளம் இடம் விட்டு, பிரேக்கைத் தொடாமல், பள்ளத்தைப் பார்க்காமல், முன்னால் போகிற சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அதே வேகத்தில் வரவேண்டும். அந்த மலையில் எல்லோரும் இப்படித்தான் கற்றார்கள். முன்னால் போகிறவன் பிரேக் போடக்கூடாது. போட்டவனை அதன்பிறகு யாரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள்.

மெக்கானிக் பிரேக் போடுவதாக இல்லை.

பள்ளத்தை இரண்டு விதமாகத் தாண்டலாம். வேகத்தை நம்பித் தாண்டலாம். இல்லையென்றால் ஏறுமேட்டில் உடம்பைத் தாழ்த்தி, விளிம்பு வரும்போது காலை உதைத்து எழும்பலாம். எழும்பத் தெரிந்தவனுக்குப் பாதி வேகமே போதும். மாப்பிள்ளைக்கு எழும்ப வராது. சின்ன மேடுகளில் விறைத்த முழங்காலோடு போய் வேகத்தால் பிழைத்துக்கொண்டிருந்தவன். அதை யாரும் அவனிடம் சொன்னதில்லை. மெக்கானிக்குக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் சைக்கிளை அவரே பிரித்துப் பார்த்தார். டயரில் காற்றைச் சரிசெய்தார், ஹேண்டில்பார் திருகை இறுக்கினார், பிரேக் ஒயரை மாற்றினார். தன்னுடைய முகம் மூடிய ஹெல்மெட்டையே மாப்பிள்ளை தலையில் மாட்டி வாரை இழுத்துக் கட்டினார். வண்டிக்கு அவர் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.

"வேற ஏதாவது பாத்துக்கணுமா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"என் சக்கரத்தப் பாரு. போதும்."

கிளம்பினார்கள். கடைசி வளைவை மெக்கானிக் அகலமாக எடுத்தார். அதற்கு அடுத்த நேர்ப்பாதையில் எப்போதும் மிதிக்கிற இடத்தில் மிதிக்கவில்லை. நிமிர்ந்து மார்பில் காற்றை வாங்கி வேகத்தைத் தணித்துக்கொண்டார். விளிம்பில் ஆட்டுக்கடா மாதிரி உதைத்து எழும்பி, மயிரிழையில் அக்கரை சேர்ந்தார். பின்னால், மாடியிலிருந்து மரப்பெட்டியைத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவர் திரும்பிப் போனபோது முதலில் கண்ணில் பட்டது நசுங்கிய பின்சக்கரம். வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல ரிம்.

மாப்பிள்ளைக்கு இரண்டு மணிக்கட்டும் போயின. இடுப்பு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது என்றார் டாக்டர், ஆனாலும் கொஞ்ச நாளைக்கு மறதி இருக்கும் என்றார். இழுத்தவர் சுத்தமாகத் தாண்டினார், வந்தவன்தான் எழும்பவில்லை என்று மலையில் பேசிக்கொண்டார்கள். வாத்தியார் வேலை மெக்கானிக்கிடம் வந்தது.

மாப்பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் தங்கை பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மிதிக்காம உருளும்போது உன் பின்சக்கரம் கத்தும்ல. வேகமா வந்தா விசில் மாதிரி. சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அடுப்படியில இருந்தே, நீ எந்தத் திருப்பத்துல வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லுவேன். அன்னிக்கு நான் ஏறுமேட்டுப் பக்கத்துலதான் நின்னேன். கரகரன்னு முனகிட்டுப் போச்சு."

"எதிர்காத்து."

"யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. சொன்னா அவரு எழுந்து நடந்துருவாரா? என்னால அவரத் தூக்க முடியல. நாளைலேருந்து காலைல வந்து கழுவி விடு."

அவர் போனார். மாப்பிள்ளையைப் புரட்டி, அடியில் இருந்த மலத்தட்டை எடுத்து, ஈரத்துணியால் துடைத்தார். நாற்றத்தைவிட நன்றிதான் தாங்கமுடியவில்லை. நீங்கள் இல்லையென்றால் என் கதி என்ன மச்சான் என்று மாப்பிள்ளை தினமும் கண்கலங்கினான். அதோடு தினமும் ஒரு கேள்வி. நேற்றுக் கேட்டது அவனுக்கு நினைவிருக்காது.

"நான் எங்க தப்புப் பண்ணேன் மச்சான்?"

"நீ எழும்பல. காலை மடக்கி உதைச்சிருக்கணும்."

"நீங்க முன்னாடியே சொன்னீங்களா?"

மெக்கானிக் துணியைப் பிழிந்தார். தங்கை கதவில் சாய்ந்து நின்றாள்.

"சொன்னேன்."

"பாருங்க, எனக்குத்தான் மண்டையில நிக்கல. இவ்ளோ சொல்லிக் குடுத்தும்." மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"எப்படிச் சொன்னே அண்ணே?" என்றாள் தங்கை. "அதே மாதிரி இன்னொரு தடவ சொல்லு. அவரு கூடவே சொல்லிப் பழகட்டும்."

மெக்கானிக் ஈரத்துணியோடு நின்றபடி ஆரம்பித்தார். உடம்பைத் தாழ்த்து. உடம்பைத் தாழ்த்து என்றான் மாப்பிள்ளை, கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.